திருடு போன கன்வெர்ட்டருக்குப் புதுசு மாட்டிய கதை: கோ.புதூர் சிட்கோ சைலன்சர் பட்டறை

வண்டிக்கு அடியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை யாராவது கழற்றிக்கொண்டு போய்விட்டால் மதுரையில் எங்கே போவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோ.புதூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குள் இருக்கும் இந்தச் சைலன்சர் பட்டறைக்குப் போங்கள். விலை மலிவு என்று சொல்ல மாட்டேன், மலிவு கிடையாது. ஆனால் செய்யக்கூடாத வேலையைச் செய்ய மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன பட்டறை இது ஒன்றுதான். அதற்காகவே முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

நான் மேலூர் பக்கம் மைக் செட் வைத்து நடத்துகிறவன். ஆம்ப்ளிஃபையர், பாக்ஸ், குழாய் ஸ்பீக்கர், வயர் சுருள், சீரியல் லைட் எல்லாம் ஏற்றிக்கொண்டு போக ஒரு மாருதி ஈக்கோ கார்கோ இருக்கிறது. 2018 மாடல், மஞ்சள் போர்டு, பிஎஸ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டி. பங்குனி பிறந்தால் ஆடி முடிகிறவரை எங்களுக்கு ஓய்வு கிடையாது. வண்டி நின்றால் தொழில் நின்றுவிடும்.

வைகாசியில் அழகர்கோவில் ரோட்டை ஒட்டிய ஒரு ஊரில் முளைப்பாரி. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் செட்டை நிறுத்திவிட்டு, மறுநாளும் வேலை இருந்ததால் பிரிக்காமல் மேடைப் பக்கமே படுத்துக்கொண்டோம். வண்டி கண்மாய்க் கரையில் நின்றது. விடியற்காலையில் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போகலாம் என்று ஸ்டார்ட் செய்தேன். பாஸ் ஸ்பீக்கரில் கோன் கிழிந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு கரகரப்பு ஊரையே எழுப்பிவிட்டது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் முன்பக்கக் குழாய் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சரின் வயரைக் கட்டிங் பிளேயரால் நறுக்கென்று வெட்டியிருந்தார்கள். குழாயை இணைக்கும் ஃபிளாஞ்சில் இருந்த ஸ்பிரிங் போல்ட் மட்டும் புழுதியில் கிடந்தது. ரம்பம் வைத்து அறுக்கவே இல்லை. ஸ்பேனர் போட்டு நிதானமாகக் கழற்றியிருக்கிறார்கள். உள்ளே லட்சக்கணக்கில் பெறுமான சாமான் இருந்தது, அதில் ஒரு மைக்கைக்கூடத் தொடவில்லை. எதற்கு வந்தோம் என்று தெரிந்து வந்தவர்கள்.

ஏன் ஈக்கோ? குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் சில வருடங்களாகவே கன்வெர்ட்டருக்காக ஈக்கோ சைலன்சர் திருடும் கும்பல்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வண்டியின் உடம்பு உயரம், கன்வெர்ட்டர் இருக்கும் இடமோ அடியில் கைக்கு எட்டும் தூரம். ஜாக்கி கூட வேண்டாம், படுத்தால் போதும். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற உலோகங்கள் இருக்கின்றன. எடை சில கிராம்தான் தேறும். ஆனால் 2021-ல் ரோடியத்தின் விலை தங்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலே போயிருந்தது. பிறகு இறங்கிவிட்டது, திருட்டு மட்டும் நின்றபாடில்லை. உள்ளே இருக்கும் பீங்கானை உடைத்துப் பொடியாக்கி விற்றுவிடுகிறார்கள். பொடியான பிறகு எந்த வண்டியுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் நான் போனது இந்தப் பட்டறைக்கு இல்லை. பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு இடத்தில் காட்டினேன். பார்த்த உடனே, "அண்ணே, எதுக்கு அம்பதாயிரம் செலவு? நேர் குழாய் ஒண்ணு வெல்டு அடிச்சு விட்டுர்றேன். சென்சருக்கு நீளமா ஒரு நட்டு போட்டா டேஷ்போர்டுல மஞ்ச லைட்டும் எரியாது. பாதி வண்டி ஊருக்குள்ள அப்படித்தான் ஓடுது" என்றார்கள். மதியத்துக்குள் முடித்துத் தருகிறோம் என்றும் சொன்னார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கி வைத்திருக்கும் ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை வார்த்தை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அங்கேயே நின்ற ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, பழைய கன்வெர்ட்டர் ஒன்று கைவசம் இருக்கிறது, பில் எல்லாம் கேட்காதீர்கள், பாதி விலைக்கும் கீழே முடித்துத் தருகிறேன் என்றார். எனக்கு வயிறு எரிந்தது. என்னைப் போல ஒருவனுடைய வண்டிக்கு அடியிலிருந்து வந்ததாகத்தானே அது இருக்கும்? பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். சிட்கோவுக்குள் நுழைந்து விசாரித்தால் யாரும் காட்டுவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுவர் முழுக்கக் கொக்கியில் தொங்கும் குழாய்கள், நடுவில் ஒரு குழி. நடத்துகிறவர் வயதான பாய் ஒருவர். கூட அவருடைய மகனும் இரண்டு பையன்களும். வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்த பாய் முதலில் கேட்ட கேள்வி, "போலீஸ்ல சொல்லியாச்சா?" என்பதுதான். இல்லை என்றதும் வண்டியைக் குழியில் ஏற்ற விடவில்லை. மகன் அடியில் நுழைந்து வெட்டுப்பட்ட வயர், காலி ஃபிளாஞ்சு, போல்ட் கழன்ற இடம் என்று என் போனிலேயே படம் எடுத்துக் கொடுத்தார். சம்பவம் நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லைக்குள் வருகிறதோ அங்கே புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றைக்கே போன் செய்துவிட்டு வாருங்கள், அவர்கள் அனுப்பும் சர்வேயர் பார்க்கிறவரை ஒரு நட்டைக்கூடத் தொட மாட்டேன் என்றார் பாய். இந்த யோசனைக்கு ஒரு பைசா வாங்கவில்லை.

நேர் குழாய் பற்றியும் கேட்டேன். மற்ற இடத்தில் என்ன சொன்னார்கள் என்று சொன்னேன். பாய் கோபப்படவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அலமாரியிலிருந்து அறுத்து வைத்திருந்த பழைய கன்வெர்ட்டர் ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தில் டார்ச் அடித்தார், மறுபக்கத்திலிருந்து என்னைப் பார்க்கச் சொன்னார். நுணுக்கு நுணுக்காகச் சதுரக் கண்கள், நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றின் வழியாகவும் ஊசி முனையளவு வெளிச்சம். அந்தக் கண்களின் சுவரில்தான் அந்த விலையுயர்ந்த உலோகம் பூச்சாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. புகை இதற்குள் நுழையும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது, எரியாத பெட்ரோல் ஆவி நீரும் கார்பன் டை ஆக்சைடும் ஆகிறது, நைட்ரஜன் ஆக்சைடு வெறும் நைட்ரஜனாகிவிடுகிறது. கிட்டத்தட்ட 300 டிகிரி சூடு ஏறினால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். அதனால்தான் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடங்களில் புகை நாற்றம் தூக்கலாக இருக்கிறது.

"ஈக்கோல இன்ஜின் எங்க இருக்கு? உங்க சீட்டுக்கு அடியில. குழாயைக் கண்ட இடத்துல வெட்டி ஒட்டி, ஒரு ஓரத்துல கசிஞ்சா அந்தக் காத்து எங்க வரும்? அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடு விஷம், அதுக்கு வாசனையும் கிடையாது, நெறமும் கிடையாது. ராத்திரி பூரா முழிச்சிட்டு வண்டி ஓட்டுற ஆளு நீங்க" என்றார். மாசு, சட்டம் என்று ஆரம்பிக்காமல் என் மூச்சிலிருந்து ஆரம்பித்தார். அந்த இடத்திலேயே என் முடிவு உறுதியாகிவிட்டது.

சட்டமும் இருக்கத்தான் செய்கிறது. புகை அளவை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ போடலாம். லைசென்சுக்கும் மூன்று மாதம் தகுதி நீக்கம் உண்டு. மஞ்சள் போர்டு வண்டிக்கு அதைவிடப் பெரிய தலைவலி எஃப்சி என்ற தகுதிச் சான்று. எட்டு வருடம் ஆகிறவரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம். நேர் குழாயோடு அங்கே போய் நிற்க முடியுமா? அந்தப் பழைய பாகம் விற்க வந்தவரைப் பற்றிச் சொன்னபோது பாய் முகம் மாறிவிட்டது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் வாங்குகிறவனுக்கும் மூன்று வருடம் வரை சிறை இருக்கிறது என்று மகன் சொன்னார். பாய் சொன்னது வேறு: "நாம வாங்குறதை நிறுத்தினா அவன் திருடி என்ன பண்ணுவான்?" நான் இதை எங்கள் ஒலி, ஒளி அமைப்பாளர்கள் சங்கத்துக் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். ஈக்கோ வைத்திருப்பவர்கள் எங்களில் நிறையப் பேர்.

இனி, எந்தக் கன்வெர்ட்டர் போட்டோம் என்பது. இவர்களிடமே வெளிக் கம்பெனித் தயாரிப்பு ஒன்று இருந்தது. விலை அசலில் பாதிகூட இல்லை. அதை விற்றிருந்தால் அவர்களுக்கு நல்ல லாபம். ஆனால் இன்சூரன்ஸ் க்ளெய்ம் போகிற வண்டி, எஃப்சியும் வரப்போகிறது, அசல் பாகமே போடுங்கள் என்று அவர்களாகச் சொன்னார்கள். வெளித் தயாரிப்பில் நல்லதும் இருக்கிறது, உள்ளே பூச்சு பெயருக்கு மட்டும் இருப்பதும் இருக்கிறது, வெறும் ஓடு மட்டும் வருவதும் இருக்கிறது. வாங்குகிறவர் கையில் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிவது ஓடு காலியா இல்லையா என்பது மட்டும்தான். பூச்சு எவ்வளவு என்பதை வண்டியில் ஓட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். சில மாதம் சரியாக ஓடிவிட்டு அப்புறம் மஞ்சள் விளக்கு எரியும். இதெல்லாம் அவர்கள் சொந்தச் சரக்கைப் பற்றி அவர்களே சொன்னது. கடையில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கம்பெனி ஸ்பேர்ஸ் கவுன்டரில் நானே நேரில் போய்ச் சேஸிஸ் நம்பர் கொடுத்து ஆர்டர் போட்டேன். சேஸிஸ் நம்பர் முக்கியம். பிஎஸ் 4 வண்டிக்கும் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிக்கும் பாகம் வேறு வேறு. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், மாற்றி மாட்டினால் சென்சர் கணக்கே தப்பிவிடும் என்று மகன் எச்சரித்திருந்தார். மதுரையில் இருப்பு இல்லை, வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் வண்டி பட்டறையிலேயே நின்றது. நான் குட்டி யானை வாடகைக்கு எடுத்துத்தான் முகூர்த்தங்களை ஒப்பேற்றினேன். அந்த வாடகை தனியாக ஒரு அடி. இடையில் தற்காலிகமாக ஒரு குழாயாவது மாட்டித் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், மாட்டேன் என்றுவிட்டார்கள். அப்போது வருத்தமாக இருந்தது. வண்டியை நிறுத்த மட்டும் காசு வாங்கவில்லை.

பாகம் வந்த அன்று கூடவே இருந்து பார்த்தேன். புதுக் கன்வெர்ட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டிவிடவில்லை. முதலில் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி நிறம் பார்த்தார்கள். ஒன்று கறுத்திருந்தது, மாற்றினார்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். காரணம் கேட்டேன். ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்றால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், சூடு தாங்காமல் உள்ளே இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும், ஐம்பதாயிரம் ரூபாய் பாகம் சில வாரத்தில் போய்விடும். இன்ஜின் ஆயில் எரிந்து நீலப் புகை வருகிற வண்டியாக இருந்தாலும் அதைச் சரிசெய்யாமல் புதுசு மாட்ட மாட்டார்களாம். ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் அந்தப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைத்துவிடும்.

அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார்கள். அடியில் வெல்டிங் வேலை இருக்கிறது, கரன்ட் இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம்முக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. ஸ்பீக்கர் வயரை இணைக்கிறபோது ஆம்ப்ளிஃபையரை அணைத்து வைக்கிற பழக்கம் உள்ளவன் நான். இதைப் பார்த்ததுமே இவர்கள் கை நம்பத்தக்க கை என்று மனசு சொல்லியது. பழைய கேஸ்கெட்டை மறுபடி போடவில்லை, புது வளையமே போட்டார்கள். ஸ்பிரிங் போல்ட்டும் புதுசு. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சர், பின்னால் ஒரு சென்சர். முன் சென்சருக்கு முன்னால் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சர் தப்பாகச் சொல்லும், இசிஎம் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் இறங்கும். அதனால் பொருத்தி முடித்ததும் ஒரு பையன் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். பின் சென்சரைக் கையாலேயே முதல் மரையை ஏற்றினார் மகன், பிறகுதான் பக்கவாட்டில் வெட்டு உள்ள தனி சாக்கெட் போட்டு இறுக்கினார். வெட்டுப்பட்ட வயரை முறுக்கி டேப் சுற்றவில்லை. சென்சரே புதுசு, கனெக்டரோடு.

சூட்டுத் தகடு பற்றி ஒரு வார்த்தை. கன்வெர்ட்டருக்கு மேலும் கீழும் வரும் அந்தத் தகரம் பலருக்குத் தேவையற்றதாகத் தெரிகிறது, ஆடுகிறது என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ஓடிவந்த வண்டியில் கன்வெர்ட்டர் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும். எங்கள் பக்கம் திருவிழாத் திடல் என்றாலே பாதி நேரம் அறுவடை முடிந்த வயல்தான். காய்ந்த வைக்கோல் மேல் வண்டியை ஏற்றி நிறுத்துகிறோம். தகடு இல்லாத கன்வெர்ட்டர் வைக்கோலில் தொட்டால் வண்டியும் செட்டும் சேர்ந்து எரிந்துபோகும். அசல் பாகத்தோடு தகடும் வருகிறதா என்று பெட்டியைத் திறக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

திருட்டுக்குப் பூட்டு என்று இவர்கள் செய்து தருவது கம்பிக் கூண்டு. கனமான இரும்புக் கம்பியை வளைத்து, கன்வெர்ட்டரைச் சுற்றி வண்டியின் சட்டத்தில் போல்ட் போட்டு, போல்ட் தலையில் பொட்டு வெல்டு வைத்துவிடுகிறார்கள். ஸ்பேனர் ஏறாது. முழுத் தகடாக மூடிவிடலாமே என்று கேட்டேன். தகடு போட்டால் சூடு உள்ளேயே தங்கும், சருகும் வைக்கோலும் போய் அடையும், கூண்டு என்றால் அதெல்லாம் கம்பி இடைவெளி வழியாகக் கீழே விழுந்துவிடும் என்றார் பாய். கன்வெர்ட்டர் ஓட்டின் மேல் வண்டி நம்பரையும் பொறித்துத் தருகிறார்கள். திருட வந்தவன் ரம்பம் கொண்டுவந்தால் கூண்டையும் அறுப்பான்தான். ஆனால் சத்தமில்லாமல் சில நிமிடத்தில் முடித்துக்கொண்டு போக முடியாது. வெளியூரில் இரவு நிறுத்துகிற வண்டிக்கு அது போதுமான பாதுகாப்பு.

வேலை முடிந்ததும் ஸ்கேனரை மாட்டி என்னையே திரையைப் பார்க்கச் சொன்னார்கள். முன் சென்சரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்கியது. பின் சென்சர் 0.7 பக்கத்தில் ஆடாமல் நின்றது. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைப் போலவே குதித்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பி0420 என்ற கோளாறு எண்ணும் மஞ்சள் விளக்கும் வருவது அப்படித்தான். இருபது வருடமாக மிக்சரில் ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு அந்த இரண்டு கோடுகளும் வேறு விளக்கம் இல்லாமலே புரிந்தன. அங்கிருந்து நேராகப் புகைப் பரிசோதனைக்குப் போனேன். என் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம் வரை, ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரை இருக்கலாம். வந்தது 0.03-ம் 28-ம்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. போன் எடுக்கவே மாட்டார்கள். நேரில் போனால்தான் பேச்சு. உட்கார ஒரு ஸ்டூல், அதற்கு மேல் வசதி எதிர்பார்க்காதீர்கள். வைகாசி வெயிலில் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ் நிற்பது பெரும் பாடு. ஜிஎஸ்டி பில்லை அன்றே தரவில்லை. கணக்கர் வந்தால்தான் என்றார்கள், நான் மறுபடி போய் வாங்கினேன். க்ளெய்முக்குப் பில் அவசரம் என்று தெரிந்தவர்கள் அதைக் கையோடு கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, கூண்டு. மாட்டிய மறுநாள் மேலூர் போகும் வழியில், 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு கிண் கிண். கியர் மாற்றினால் போய்விடும், மறுபடி அதே வேகத்துக்கு வந்தால் வரும். என் தம்பிக்குக் கேட்கவே இல்லை. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பக் கொண்டுபோனேன். "கற்பனைண்ணே" என்று சொல்லிவிடுவார்களோ என்று நினைத்தேன். மகன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, இன்ஜினை அதே வேகத்தில் பிடித்துக் காது கொடுத்துக் கேட்டார். பையனை அடியில் படுக்க வைத்து ஒவ்வொரு கம்பியாகக் கட்டையால் அழுத்தச் சொன்னார். மூன்றாவது கம்பியில் கை வைத்ததும் சத்தம் நின்றது. கம்பிக்கும் சூட்டுத் தகடுக்கும் நடுவில் ஒரு அட்டை தடிமன் இடைவெளிதான் இருந்தது. பொட்டு வெல்டை உடைத்து, போல்ட்டுக்கு அடியில் ஒரு வாஷர் ஏற்றி, கூண்டைக் கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி வெல்டு வைத்தார்கள். காசு வாங்கவில்லை. இன்றைக்கு அந்த வண்டி ஐடிலில் நிற்கும்போது பக்கத்தில் நின்று மைக் டெஸ்ட் செய்கிறேன், உறுமல் எதுவும் மைக்கில் ஏறவில்லை. அசல் கன்வெர்ட்டருக்கும் அசல் வேலைக்கும் நான் கொடுக்கும் சான்று அதுதான்.

செலவு: அசல் கன்வெர்ட்டர் வரியோடு 50,000-ஐத் தாண்டியது. பின் சென்சர் 4,000 சொச்சம். கேஸ்கெட், போல்ட், பிளக் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள். பட்டறைக் கூலி 2,500, கூண்டு 3,200. கூலியில் பேரம் பேசவில்லை, பேசத் தோன்றவும் இல்லை.

இன்சூரன்ஸ் முழுசாகத் தரும் என்று நம்பிப் போகாதீர்கள். இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள். ஐந்து முதல் பத்து வருட வண்டிக்கு 40 சதவீதம் போய்விடும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டிப் பாலிசி எடுத்தவர்களுக்கு மட்டும் இந்தக் கழிவு இல்லை. ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு தனி. கூண்டுக்குச் சல்லிக் காசு கிடையாது, அது நாமாகப் போட்டுக்கொண்டது. க்ளெய்ம் வாங்கினால் அடுத்த வருடம் நோ க்ளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடியும் போய்விடும். உங்கள் பிரீமியத்தை வைத்து இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்குக் க்ளெய்ம் போட்டது லாபமாகவே இருந்தது. சர்வேயர் பட்டறைக்கே வந்து பார்த்தார். முதல் நாள் மகன் எடுத்துக் கொடுத்த அந்தப் படங்களைத்தான் அவர் முதலில் கேட்டார்.

சிட்கோ போகிறவர்கள் ஆர்சி நகல், இன்சூரன்ஸ் பாலிசி, சிஎஸ்ஆர் ரசீது மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகச் சாத்திவிடுவார்கள். மற்ற நாளில் காலை 10 மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் குழியில் இடம் கிடைக்கும்.